நான்கு விரல் அகலம்

லண்டனில் ஆறு வருஷம்
கல்லையே தொடாத கொத்தனார்களாக இருந்தோம்.
குண்டு விழும் இரவுகளில்
இரவல் அறையில், இரவல் மேலங்கிகளில்
செக் மொழியில் முணுமுணுப்போம்
மட்டம், நேர், செங்குத்து என்று.
தூக்குக்குண்டு கிடைக்காமல்
ஸ்திபோர் ஒரு தேநீர்க் கரண்டியை நூலில் கட்டியிருந்தான்.
அது ஆடும். வீடும் ஆடும்.
எது நேர் என்பதில் மட்டும்
எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஜூலையில் ப்ர்னோ திரும்பினோம்.
ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தால்
பல் பிடுங்கிய வாய் மாதிரி ஊர்.
நான் பல் வைத்தியன், எனக்கு அப்படித்தான் தோன்றும்.
தெருப் பலகைகளில்
ஜெர்மன் வரியின் மேல் மட்டும் தார்.
டிராம் நடத்துநர் பழக்கத்தில்
நிறுத்தத்தின் பெயரை இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்து
இருமலாக மாற்றிக்கொண்டார்.

எங்கள் சபைக் கட்டடம் ரேஷன் கிடங்கு ஆகியிருந்தது.
கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் மேல்
உருளைக்கிழங்குக் குவியல்.
முளைவிட்டவை கறுப்புக் கட்டத்துக்கு,
நல்லவை வெள்ளைக்கு.
பிரித்துக்கொண்டிருந்த பையனுக்கு
யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

முப்பத்தொரு பேரில் ஏழு பேர் கூடினோம்.
நால்வர் லண்டனிலிருந்து,
இருவர் முகாமிலிருந்து,
லூபோர் தன் மாமனாரின் நிலவறையிலிருந்து.
வெளிச்சம் அவனுக்கு இன்னும் கூசியது.
கையோடு கை கோத்துச் சங்கிலியாக நின்றபோது
வட்டம் ஒரு சாப்பாட்டு மேஜை அளவுதான் இருந்தது.

ராதோவான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்:
பழைய பதிவேட்டிலுள்ள ஜெர்மன் பெயர்களை அடித்துவிடலாம்.
அவன் தம்பியைச் சுட்ட சுவரைக் கடந்துதான்
அவன் கூட்டத்துக்கு வந்திருந்தான்.
ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.
வாக்குப் பந்துகளை கெஸ்டபோ கொண்டுபோயிருந்தது.
ஆமோதிக்க வெள்ளை மொச்சை,
மறுக்க பிளம் கொட்டை.
தொப்பிக்குள் நான்கு மொச்சை, மூன்று கொட்டை.
இரகசிய வாக்கு அது,
சொல்லக் கூடாது.
என் விரலில் மொச்சையின் மாவு
இரவு கழுவும்வரை இருந்தது.

எமெரிக்கின் பெயரும் அதில் போயிற்று.
எனக்கு வாசலில் நின்று சாட்சி சொன்னவன்.
வீட்டில் ஜெர்மன், சபையில் செக்,
வயலினில் இரண்டும்.
மவுத்ஹவுசனில் இறந்தான், நாற்பத்திரண்டில்.
எதற்காகப் பிடித்தார்கள் என்றால்
எங்கள் பெயர்களைச் சொல்லாததற்காக.

மறுநாள் அவன் வீட்டுக்கு ஏன் போனேன் என்று தெரியாது.
கதவைத் திறந்தவள் ஒரு இளம்பெண்,
இடுப்பில் குழந்தை.
வீடு போன மாதம்தான் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதாம்.
ஹெர்மினேயைக் கேட்டேன்.
"அந்த அம்மாவா? மே கடைசியில்
எல்லோரையும் எல்லை வரை நடத்திக் கூட்டிப் போனார்களே, அதில்.
கையில் வெள்ளைப் பட்டி கட்டாமல்
ஜெர்மன்காரர்கள் தெருவில் இறங்கக் கூடாதென்று உத்தரவு.
படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம்
அதற்கு முன்பே சிப்பாய்கள் எடுத்துப் போய்விட்டார்கள்."

பிறகு அலமாரியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள்.
"கத்தரிக்கோலோடு மேஜையில் கிடந்தது.
சமையல் ஏப்ரன் என்று நினைத்தேன்,
தோலாக இருக்கிறது. துவைக்கலாமா?"

வெள்ளை ஆட்டுத்தோல்.
எமெரிக்கை சகோதரனாக ஏற்ற இரவில்
நாங்கள் கட்டிவிட்டது.
அதோடுதான் அவனைப் புதைத்திருக்க வேண்டும்,
புதைக்க அவன் இருந்திருந்தால்.
அடி ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு இல்லை.

அடுத்த கூட்டத்தில் அதை மேஜைமேல் விரித்தேன்.
லூபோர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தான்.
ராதோவான் வெகுநேரம் நின்றான்,
பிறகு தன் மூலைமட்டத்தை எடுத்து
வெட்டின் இரு முனையிலும் வைத்தான்.
அவனுக்கும் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

வெட்டு நேராக இருந்தது.
கை நடுங்காமல் வெட்டியிருக்கிறாள்.
எங்கள் கருவி
அதில் ஒரு குறையும் காணவில்லை.